புள்ளி வைத்த கோப்புகள்

'பிரதி' என்ற சொல்லைத் தமிழ் விமர்சனத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அதைக் கதை, கவிதை, நாவலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. சினிமா போஸ்டர், பாடநூல், அரசாணை, கல்யாணப் பத்திரிகை என்று எதையும் பிரதியாக வாசிக்கலாம் என்பதுதான் அன்றைய வாதம். வாதத்தை ஏற்றுக்கொண்ட நாம் ஒரு வகை எழுத்தின் பக்கம் மட்டும் போகவே இல்லை. கம்ப்யூட்டரில் நிரல் எழுதுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்ற நினைப்பில், தங்கள் கருவிகளுக்காக எழுதிவைக்கும் அமைப்புக் கோப்புகளைச் சொல்கிறேன். 'அது டெக்னிக்கல் சமாச்சாரம்ங்க, அதுல வாசிக்க என்ன இருக்கு?' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரே பதில்தான். வீட்டுக் கணக்கு நோட்டில் வாசிக்க என்ன இருக்கிறதோ அது இதிலும் இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒவ்வொரு கருவியும் தொடங்கும்போது ஒரு கோப்பைத் திறந்து படித்துக்கொள்ளும். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், எழுத்து என்ன நிறத்தில் தெரிய வேண்டும், நீண்ட கட்டளைக்குச் சுருக்கப்பெயர் என்ன என்பதெல்லாம் அதில் சாதாரண எழுத்தாக இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். இந்தக் கோப்புகளின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். புள்ளியில் தொடங்கும் கோப்பைப் பட்டியல் கேட்டால் கணினி காட்டாது. அந்தரங்கத்தைக் காக்கத் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு போலத் தோன்றும். அப்படி இல்லை. 'இந்த அடைவு', 'இதற்கு மேலுள்ள அடைவு' என்ற இரண்டையும் யூனிக்ஸ் ஒற்றைப் புள்ளியாலும் இரட்டைப் புள்ளியாலும் குறித்தது. பட்டியலில் அவை வந்து தொல்லை தந்ததால் 'முதல் எழுத்து புள்ளியானால் தாண்டிப் போ' என்று ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. இரண்டை மறைக்கப் போட்ட குறுக்குவழி, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் இதை எழுதினார். சோம்பேறித்தனமாக எழுதிய ஒரு வரியிலிருந்து ஒரு முழு எழுத்துவகையின் 'தலைமறைவு' பிறந்திருக்கிறது. வரலாற்றில் 'ஆசிரியனின் நோக்கம்' என்று தேடி அலைகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

என் நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பகலில் கம்பெனிக்கு எழுதுகிறார், இரவில் தனக்கு. அவருடைய விம் என்ற எழுத்துத் தொகுப்பிக்கான அமைப்புக் கோப்பு பதினோரு வருஷமாக வளர்ந்துவருகிறது. அதை எனக்குத் தரச் சொல்லி வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தேன். கணினிக்கான வரிகளுக்கு நடுவே கணினி படிக்காத குறிப்பு வரிகள் இருக்கின்றன. 'இது எதுக்குன்னு மறந்துபோச்சு, எடுத்தா எல்லாம் உடையுது' என்று ஒன்று. 'பழைய லேப்டாப்புக்காக, அது செத்துப்போச்சு, இருந்தாலும் இருக்கட்டும்' என்று ஒன்று. பக்கம் பக்கமாக வேறு யார் யாரிடமிருந்தோ எடுத்து ஒட்டிய வரிகள். அதில் சிலவற்றுக்கு அவரிடமே விளக்கம் இல்லை. யாருடைய குரல் எங்கே முடிந்து யாருடையது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாத ஒரு எழுத்து. நம்முடைய பின்நவீனத்துவ நாவல்கள் மெனக்கெட்டுச் செய்ய முயன்றது இங்கே யாரும் முயலாமலே நடந்துகிடக்கிறது.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிற 'பிரிகோலரை'யும் திட்டமிட்டுக் கட்டுகிற பொறியாளரையும் எதிரெதிராக நிறுத்தினார். ஒட்டுப்போடுகிறவர் என்று நான் அதைத் தமிழில் சொல்வேன். 1966இல் தெரிதா இந்த எதிர்வைப் பிடித்துக்கொண்டு, எதையும் கடன்வாங்காமல் மொழியையும் கருவியையும் தானே முழுக்கப் படைக்கிற பொறியாளர் என்பவர் ஒட்டுப்போடுகிறவர் கற்பித்துக்கொண்ட புராணம்தான் என்றார். என் நண்பரின் பகலும் இரவும் இதற்கு நல்ல உதாரணம். பகலில் அவருடைய பதவிப்பெயரில் 'என்ஜினீயர்' இருக்கிறது. இரவில்தான் ஒட்டுப்போடுவதாக அவர் சொல்லிக்கொள்கிறார். பகல் வேலையும் அதேதான் என்பதை மூன்றாவது டீக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்.

விம்மில் எழுத்துச்சுட்டியை நகர்த்த எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளைப் பயன்படுத்துகிறார்கள். விரல் விசைப்பலகையின் நடுவரிசையை விட்டு நகரவேண்டாம், அதனால் வேகம் என்று இதற்கு இன்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் விம்முக்கு மூதாதையான விஐ தொகுப்பியை 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. அம்புகள் இந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. வீட்டடைவைக் குறிக்கும் அலைக்கோடும் அதே பலகையில் 'ஹோம்' விசையின் மேலிருந்து வந்ததுதான். கருவி போய்விட்டது, அதன் தழும்பு விரலில் நிற்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் எழுத்தர்கள் புள்ளியை விட்டுவிட்டு எழுதியதும், மெய்யா உயிர்மெய்யா என்று ஏட்டைப் பதிப்பித்தவர்கள் திண்டாடியதும் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. 1978இல் தமிழக அரசு றா, னா, ணை, லை முதலான எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியதன் பின்னால் அச்சுக்கட்டையும் தட்டச்சும் இருந்தன. நாங்கள் தமிழ் எம்.ஏ.வில் எழுத்து வரலாறு படித்தவர்கள், இந்த மாதிரித் தழும்புகளைப் பார்க்கக் கண் பழகியவர்கள். கம்ப்யூட்டர் என்றதும் அந்தக் கண்ணை ஏன் மூடிக்கொள்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

வேகம் என்று சொன்னேன். இந்த எழுத்துவகையின் ஆகப்பெரிய சொல்லாடல் அதுதான்: நேரம் மிச்சம், உற்பத்தித்திறன், பழக்கம். விம்மை எழுதிய நெதர்லாந்துக்காரர் ப்ராம் மூலனார் அதை 1991இல் வெளியிட்டு, 2023இல் இறக்கும்வரை பராமரித்தார். மென்பொருளை இலவசமாகத் தந்துவிட்டு, பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள கிபாலே என்ற ஊரின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டவர். அவர் 2000இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு 'திறம்பட எழுத்துத்தொகுக்க ஏழு பழக்கங்கள்'. ஸ்டீபன் கவி 1989இல் எழுதிய பிரபலமான புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தது அது. கட்டுரையின் சாரம் மூன்று படி: எங்கே நேரம் வீணாகிறது என்று கவனி, வேகமான வழி கண்டுபிடி, அதைப் பழக்கமாக்கு. படிக்க எளிமையாக, நல்லெண்ணத்தோடு இருக்கிறது. உகாண்டாக் குழந்தைகளுக்குப் பணம் சேர்க்கும் மனிதரின் பேச்சுக்குள் மேலாளரின் மொழி எப்படி நுழைந்தது என்ற கேள்விதான் எனக்கு முக்கியம்.

அதற்குப் பின் வந்தது வெள்ளம். டேவிட் ஆலன் 2001இல் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' புத்தகம் நிரலாளர்களுக்குக் கிட்டத்தட்ட வேதமானது. மனசில் எதையும் வைத்திருக்காதே, எல்லாவற்றையும் நம்பகமான ஓர் ஏற்பாட்டில் எழுதி வை, இரண்டு நிமிஷத்தில் முடிவதை உடனே முடி. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் 1980களின் கடைசியில் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவைத்துப் படித்தார். இருபத்தைந்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு என்ற அந்த முறைக்கு இத்தாலிய மொழியின் தக்காளியே பெயரானது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஈமாக்ஸ் தொகுப்பிக்குள் ஆர்க்-மோட் எழுதினார். இன்று எத்தனையோ பேரின் நாட்கள் அதன் நட்சத்திரக்குறிகளுக்குக் கீழே அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஃபூக்கோ 1983இல் 'தன்னை எழுதுதல்' என்ற கட்டுரையில் கிரேக்க, ரோமானிய மேற்குடியினரின் குறிப்பேடுகளைப் பற்றிப் பேசுகிறார். படித்தது, கேட்டது, செய்தது எல்லாவற்றையும் எழுதிவைத்துத் திரும்பத் திரும்பப் படித்துத் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளும் எழுத்து. இந்தச் செய்பட்டியல் கோப்புகளை அதன் வாரிசு என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோமானியக் குறிப்பேட்டில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: நிமிஷம். இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரை, காரியத்தை வைத்து நாளை அளந்த மனிதர்களைக் கடிகாரத்தை வைத்து அளக்கப் பழக்க ஆலை முதலாளிகளுக்கும் பள்ளிகளுக்கும் எவ்வளவு காலம் பிடித்தது என்று காட்டியது. அபராதம், மணி, சங்கு எல்லாம் தேவைப்பட்டன. இங்கே சங்கை ஊதுவதும் கேட்டு ஓடுவதும் ஒரே ஆள். சம்பளமும் கிடையாது.

சரி, நேரமாவது மிச்சமாகிறதா? ராண்டால் மன்றோ தன் எக்ஸ்கேசிடி சித்திரத் தொடரில் 2013இல் ஒரு அட்டவணை போட்டார்: ஒரு காரியத்தில் இவ்வளவு மிச்சம் என்றால் ஐந்து வருஷத்தில் மொத்தம் எவ்வளவு, அதற்கு மேல் உழைத்தால் நஷ்டம். கணக்கு எளியது. தினம் ஒருமுறை செய்யும் வேலையில் ஐந்து நொடி மிச்சம் பிடித்தால் ஐந்து வருஷத்தில் 1825 முறை, 9125 நொடி, அதாவது இரண்டரை மணி நேரம். என் நண்பர் மின்கட்டண ரசீதின் பெயரைத் தானாக மாற்றி உரிய அடைவில் போட ஒரு நிரல் எழுதினார். சனி, ஞாயிறு இரண்டும் போயிற்று. ரசீதோ இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவது! கேட்டால் சிரிக்கிறார். 'கணக்கு பாத்தா எவனும் இதைச் செய்யமாட்டான் தோழர்.'

இந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருப்பதாக நினைக்கிறேன். உற்பத்தித்திறன் என்பது இவர்கள் சொல்லும் சாக்கு. உண்மையில் நடப்பது கருவியோடு கூடிக் கிடத்தல். கிணறு வெட்டப் பூதம் கிளம்பி, பூதத்தோடு உட்கார்ந்து தாயம் ஆடுவது. வீணாய்ப் போகும் நேரத்துக்கு வெட்கப்படக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு தலைமுறை, தன் இன்பத்துக்கும் ரசீது வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'விளையாடினேன்' என்று சொல்ல வாய் வருவதில்லை. 'ஆப்டிமைஸ் பண்ணேன்' என்று வருகிறது. நம்முடைய இடதுசாரி நண்பர்கள் இதை முழுக்க முதலாளித்துவக் கருத்தியல் என்று ஒதுக்கும்போது சாக்கை மட்டும் பார்க்கிறார்கள். பொழுதுபோக்கு நிரலாளர்கள் இதை முழு விடுதலை என்று கொண்டாடும்போது சாக்கு எங்கிருந்து இரவல் வந்தது என்று பார்க்க மறுக்கிறார்கள்.

சாக்கு எஜமானனாகிவிடும் ஆபத்தும் உண்டு. மெர்லின் மான் என்பவர் 2006இல் 'இன்பாக்ஸ் ஸீரோ' என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டவர், அதைப் பற்றிப் புத்தகம் எழுத ஒப்பந்தமும் போட்டார். நேரத்தையும் கவனத்தையும் முக்கியமானவற்றுக்கு மீட்பது எப்படி என்ற அந்தப் புத்தகத்தை எழுதும் அவசரத்தில் தன் மகளோடு கழிக்க வேண்டிய காலை நேரங்களை இழந்துகொண்டிருப்பதை 2011இல் ஒரு கட்டுரையில் எழுதினார். புத்தகம் வரவில்லை. உற்பத்தித்திறன் இலக்கியத்தில் எனக்குப் பிடித்த புத்தகம் இந்த வராத புத்தகம்தான்.

டி செர்த்தோ 1980இல் வெளிவந்த 'அன்றாட வாழ்வின் நடைமுறை' நூலில் பிரெஞ்சுத் தொழிலாளர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். முதலாளியின் நேரத்தில் சொந்த வேலையை முதலாளியின் வேலை போலச் செய்வது. அலுவலகத்தில் காதல் கடிதம் எழுதும் காரியதரிசி, ஆலையின் கடைசல் எந்திரத்தில் வீட்டுக்கு மரச்சாமான் செய்துகொள்ளும் தச்சர். இதற்கு அங்கே பெயர் 'டோப்பா'. நம் ஆபீஸ்களில் இதை ஓ.பி. அடிப்பதோடு குழப்பிக்கொள்வார்கள். ஓ.பி. அடிப்பவர் ஒன்றும் செய்யமாட்டார். டோப்பா போட்டவர் மும்முரமாக உழைப்பார், பலன்தான் முதலாளிக்குப் போகாது. என் நண்பரின் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன் ஊழியர்களின் கணினியில் கண்காணிப்பு மென்பொருளை ஏற்றியது. எந்தச் சாளரம் எத்தனை நிமிஷம் திறந்திருந்தது, விசைப்பலகை எப்போது சும்மா இருந்தது என்று அது மேலே சொல்லும். அவர் தனக்காக எழுதி, ஆசையாக வண்ணப்படம் போட்டு வைத்திருந்த நேரக்கணிப்பு நிரலும் ஏறக்குறைய இதைத்தான் செய்துகொண்டிருந்தது. தன் கையால் செய்த பொம்மை காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது என்றார். அன்றிரவே தன்னுடையதை அழித்துவிட்டார். டோப்பாவுக்கு இனி ஆபீஸில் இடமில்லை, வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும். வீட்டில் அந்த நேரம் யாருடையது?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எழுத்துகளில் 'நான்' என்று பேசும் தன்னிலைக்குப் பசி வருவதே இல்லை. சனிக்கிழமை பூராவும் விசைச்சுருக்கங்களைச் சீர்செய்தவருக்குச் சோறு வந்திருக்கிறது, துணி காய்ந்திருக்கிறது, பிள்ளை குளித்திருக்கிறது. இரண்டு நிமிஷ வேலையை உடனே முடி என்ற சட்டத்தை எந்தப் புத்தகமும் படிக்காமல் அடுக்களையில் ஒருத்தி அறுபது முறை கடைப்பிடித்திருப்பாள். பாலைப் பார்த்துக்கொண்டே, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே. அவளுடைய ஒப்பேற்றல்களுக்கு அமைப்புக் கோப்பு கிடையாது. ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது, வீட்டில் முதல் கம்ப்யூட்டர் எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்ற கேள்விகளை விட்டுவிட்டு இவர்களின் 'சுதந்திர'த்தைப் பேசுவது பாதிப் பேச்சு.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்த வீண்வேலையை என்னால் கைவிடமுடியவில்லை. டொனால்ட் நூத் என்ற கணிதவியலாளர் 1977இல் தன் நூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்புக்கான மெய்ப்பைப் பார்த்தார். உலோக அச்சு போய்ப் புகைப்பட அச்சுக்கோப்பு வந்த காலம். எழுத்து அவலட்சணமாக இருந்தது. நூலை அப்படியே நிறுத்திவிட்டு அச்சுக்கோக்கும் நிரலைத் தானே எழுத உட்கார்ந்தார், சீக்கிரம் முடிந்துவிடும் என்று. பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த டெக் என்ற நிரலில்தான் இன்றும் உலகின் கணிதக் கட்டுரைகள் பெரும்பாலும் அச்சேறுகின்றன. வழியில் எழுத்துரு வரையும் நிரல் ஒன்று, நிரலையே மனிதர் படிப்பதற்கான இலக்கியமாக எழுத வேண்டும் என்ற 1984ஆம் வருஷத்துக் கட்டுரை ஒன்று. தன் நிரலில் நேர்ந்த ஒவ்வொரு பிழையையும் தேதிவாரியாகக் குறித்துவைத்து 1989இல் வெளியிட்டார். புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தவருக்கு 2.56 டாலர் தருவார், 256 என்பது கணினிக்குப் பிடித்த எண் என்பதால். மூன்றாம் பாகம் 1973இல் வந்தது. நான்காம் பாகத்தின் முதல் புத்தகம் 2011இல். எந்த மேலாளரும் இந்த ஆளை வேலையில் வைத்திருக்கமாட்டார். 1990 தொடக்கத்திலிருந்து அவர் மின்னஞ்சலும் வைத்துக்கொள்வதில்லை!

தமிழுக்கும் இப்படித்தான் நடந்தது. 1990களில் தமிழைத் திரையில் கொண்டுவந்ததில் கல்வித்துறைகளை விடப் பொழுதுபோக்காளர்களுக்குப் பங்கு அதிகம். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். அதில் உலகின் பல ஊர்களிலிருந்து ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து சங்க இலக்கியத்தையும் சிற்றிலக்கியங்களையும் தட்டித் தந்தார்கள். இன்று ஆய்வுமாணவர்கள் நன்றி சொல்லாமல் எடுத்து ஒட்டுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அந்த ராத்திரிகளுக்கு யாரும் நிமிஷக்கணக்கு வைக்கவில்லை.

நண்பரின் ஒட்டுவேலைகளில் எனக்குப் பயன்படுவது ஒன்று இருக்கிறது. கணினியிடம் 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைட்டில் கேட்டால் பதினைந்து. நமக்கு மூன்று. 1991இல் வந்த யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றியதன் விளைவு இது. அகரம் ஏறிய உயிர்மெய்யை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, புள்ளியை அதிலிருந்து உயிரைக் கழிக்கும் தனிக்குறியாக வைத்தது. புள்ளி பெற்று நிற்பதே மெய்யின் இயல்பு, உயிர் வந்து ஏறுவது பிறகு என்ற தொல்காப்பியத்தின் வரிசை இங்கே தலைகீழ். நண்பர் இருபது வரியில் ஒரு நிரல் எழுதித் தந்தார். மூன்று என்று சொல்கிறது. இதையே செய்யும் ஓப்பன்-தமிழ் என்ற திறந்த நிரல்தொகுப்பு ஏற்கனவே இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதனாலென்ன என்கிறார். இப்போதெல்லாம் கேட்டால் எந்திரமே ஒரு நொடியில் எழுதித் தருகிறதே என்றேன். 'தரும். தந்துட்டா அப்புறம் நான் எதைப் போட்டு நோண்டறது?'

யாப்புக்கு அதை நீட்டலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். இடைஞ்சல் குற்றியலுகரத்தில். 'நடு'வில் உள்ள உகரம் முழுசு, 'பாக்கு'வில் உள்ளது அரை மாத்திரை. இதுவரை விதியாக எழுதிவிடலாம். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த உகரமே ஓடிவிடுகிறது, யகரம் வந்தால் இகரமாகிறது. அச்சில் சந்தியைப் பிரித்துப் போட்ட பதிப்பு, பிரிக்காமல் போட்ட பதிப்பு என்று இரண்டு இருந்தால் ஒரே வெண்பாவுக்கு நிரல் இரண்டு விடை சொல்கிறது. எந்தப் பதிப்பாசிரியர் சொல்வதை நிரல் கேட்பது என்று என்னைக் கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அவர் அதைக் கணினி படிக்காத குறிப்பு வரியாக என் பெயர் போட்டு எழுதிவைத்துவிட்டு, கீழே நிரலில் வேறு மாதிரி செய்திருக்கிறார்.